நகர நடுவே 40 மாடி வருகிறதாமே? வீடும் கடையும் கலந்த அடுக்குமாடித் திட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகர மையத்தில் பழைய வணிக வளாகம் இருந்த இடத்திலோ வாகன நிறுத்தம் இருந்த இடத்திலோ 30, 40 மாடிக்கு வீடும் கடையும் அலுவலகமும் சேர்ந்த கட்டடம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் போதும், எந்த நாடாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் கிளம்புகின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் உச்சியைப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள். ஊர் தினமும் பழகப்போவது அடியில் உள்ள நான்கைந்து மாடிகளோடும், அனுமதிக் கடிதத்தில் எழுதப்பட்ட நிபந்தனைகளோடும்தான்.

‘கலப்புப் பயன்பாடு’ என்றால் சரியாக என்ன கட்டுகிறார்கள்?

தரைக்குக் கீழே வாகன நிறுத்தம். தரையிலிருந்து சில மாடிகள் வரை அகலமான அடிப்பகுதி. கட்டடத் துறையில் இதைப் போடியம் என்பார்கள். கடை, உணவகம், அலுவலகம், சில திட்டங்களில் தங்கும் விடுதி எல்லாம் இதில் வரும். அதற்கு மேல் ஒல்லியாக ஒரு கோபுரம், அதில் வீடுகள். வீடுகளைத் தனித்தனியாக விற்பார்கள். வாங்குபவருக்கு அவருடைய ஃபிளாட் சொந்தம். நிலம், தூண், கூரை, லிஃப்ட், குழாய் எல்லாம் எல்லோருக்கும் பொது. காண்டோமினியம், சுருக்கமாகக் காண்டோ, என்பது இந்த ஏற்பாடுதான்.

வாங்கும்போது இந்தப் பொதுச் சொத்தைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. 30 வருடம் போனால் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் நகர மையத்திலேயே கட்ட வேண்டும்? புறநகரில் இடமா இல்லை?

மையத்தில் நிலத்தின் விலை அதிகம். அந்த விலையைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டால்தான் கணக்கு சரிவரும். ரயில், பேருந்து, குடிநீர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. புறநகரில் அதே எண்ணிக்கை வீடுகளைப் பரப்பிக் கட்டினால் அத்தனைக்கும் புதிதாகச் சாலையும் குழாயும் போட வேண்டும். இதில் கட்டுமான நிறுவனம் சொல்வது பெரும்பாலும் நியாயம்தான். ஆனால் பழைய குழாய் புதிய சுமையைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. அதைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கேட்டே ஆக வேண்டும்.

விதிப்படிதான் கட்டுகிறார்கள் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் எதற்கு?

முழுக்க விதிக்குள் அடங்கிய கட்டடத்துக்குப் பல நகரங்களில் கூட்டமே தேவைப்படாது. அதிகாரிகள் வரைபடத்தைச் சரிபார்த்து அனுமதி தருவார்கள். கூட்டம் நடக்கிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒன்று கூடுதலாகக் கேட்கப்படுகிறது. அனுமதித்ததைவிட அதிக உயரம், அதிகத் தளப்பரப்பு, நிலப் பயன்பாட்டு வகையில் மாற்றம், அல்லது பழைய கட்டடத்தை இடிக்க ஒப்புதல். அது என்ன என்று முதலில் கண்டுபிடியுங்கள். ‘இந்தக் கட்டடம் வேண்டுமா, வேண்டாமா’ என்று கத்துவதைவிட, ‘விதி இவ்வளவு தருகிறது, நீங்கள் இவ்வளவு கேட்கிறீர்கள், அந்த வித்தியாசத்துக்கு ஊருக்கு என்ன தருகிறீர்கள்’ என்று கேட்பது பலன் தரும். பேரம் பேச இடம் இருப்பது அந்த வித்தியாசத்தில் மட்டும்தான்.

உயரம்தானே முக்கியமான பிரச்சினை?

அப்படித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். மாடி எண்ணிக்கை புரிந்துகொள்ளச் சுலபம், தலைப்புச் செய்திக்கும் வசதி. ஆனால் ஒரே தளப்பரப்பை 12 மாடியில் மனை முழுக்க அடைத்தும் கட்டலாம். 30 மாடியில் ஒல்லியாக, சுற்றிலும் இடம் விட்டும் கட்டலாம். ‘பத்து மாடி குறைத்துவிட்டோம்’ என்று அறிவிப்பார்கள், எதிர்த்தவர்கள் கைதட்டுவார்கள். வரைபடத்தைப் பிரித்தால் கோபுரம் குட்டையாகிப் பருத்திருக்கும், பரப்பு அப்படியே இருக்கும்.

இந்தச் சண்டை நூறு வருடத்துக்கும் பழையது. நியூயார்க்கில் 1915இல் முடிந்த ஈக்விடபிள் கட்டடம் மனை எல்லையிலிருந்து எங்கும் உள்வாங்காமல் செங்குத்தாக 38 மாடி எழுந்து நின்றது. கீழே தெருக்கள் இருண்டன என்று எழுந்த எதிர்ப்பு, 1916இல் அந்நகரம் கொண்டுவந்த மண்டல விதிகளுக்கு (எங்கே என்ன, எப்படிக் கட்டலாம் என்ற விதிகளுக்கு) ஒரு முக்கியக் காரணம். அந்த விதி உயரத்துக்கு மேல்வரம்பு போடவில்லை. மேலே போகப்போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்றது. அக்கால நியூயார்க் கோபுரங்கள் படிக்கட்டுப் படிக்கட்டாக இருப்பது இதனால்தான்.

பாரிஸ் வேறு வழியில் போனது. 1973இல் 210 மீட்டர் மோன்பர்னாஸ் கோபுரம் எழுந்தது, மக்கள் வெறுத்தார்கள், 1977இல் நகரம் 37 மீட்டர் வரம்பு போட்டது. வான்கூவர் 1989இல், நகரத்தின் குறிப்பிட்ட இடங்களிலிருந்து மலை தெரிய வேண்டும் என்று பார்வைக் கோடுகளை வரையறுத்து, அவற்றை மறிக்காத இடத்தில் உயரக் கட்டலாம் என்றது. எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு விதி எழுதியதால் வான்கூவர் முறை எனக்குப் பிடிக்கும்.

நிழல் விழும் என்கிறார்களே, எவ்வளவு விழும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 40 டிகிரி வட அட்சரேகையில் ஒரு நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அங்கே அடிவானத்திலிருந்து சுமார் 26.5 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 100 மீட்டர் கோபுரத்தின் நிழல் 200 மீட்டர் நீளும். ஜூன் 21 நண்பகலில் அதே நிழல் 30 மீட்டர்தான். ஆகவே ‘நிழல் ஆய்வு’ என்று கோடைகாலப் படம் மட்டும் காட்டினால் ஏமாறாதீர்கள். டிசம்பர், மார்ச் படங்களையும் கேளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள ஊர்களில் இந்த வாதத்துக்கு அவ்வளவு வலு இல்லை. வெயில் கொளுத்தும் இடத்தில் நிழலை யார் எதிர்க்கப் போகிறார்கள்?

அகலமும் முக்கியம். 25 மீட்டர் அகலக் கோபுரத்தின் நிழல், 150 மீட்டர் தள்ளியிருக்கும் பூங்கா பெஞ்சை அந்தக் குளிர்கால நண்பகலில் 40 நிமிடத்துக்குள் கடந்துவிடும். 80 மீட்டர் அகலச் சுவர்க் கட்டடம் உயரம் குறைவாக இருந்தாலும், அதன் நிழல் எட்டும் இடத்தில் பல மணி நேரம் நகராது.

சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 1984இலேயே பூங்காக்கள் மீது விழும் நிழலைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார்கள். பாஸ்டனிலும் 1990, 1993 ஆண்டுகளில் அப்படிச் சட்டங்கள் வந்தன. 2017இல் அங்கே வின்த்ராப் சதுக்கத்தில், மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய வாகன நிறுத்த இடத்தில், வீடும் அலுவலகமும் கலந்த கோபுரம் கட்ட அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பெரிய சண்டை. கடைசியில் நிலம் விற்ற பணத்திலிருந்து பாஸ்டன் காமன் பூங்காவுக்கும் ஃபிராங்க்ளின் பூங்காவுக்கும் தலா 2.8 கோடி டாலர் ஒதுக்குவது என்று முடிவானது. பூங்காவின் வெளிச்சத்தை விற்றுவிட்டார்கள் என்று சிலருக்கு இன்னும் கோபம். குறைந்தபட்சம் விலை வெளிப்படையாகப் பேசப்பட்டது என்பது என் ஆறுதல்.

காற்று?

இதைக் கூட்டங்களில் யாரும் கேட்பதில்லை, கட்டி முடித்த பிறகு எல்லோரும் புலம்புகிறார்கள். உயரத்தில் வேகமாக வரும் காற்று கோபுரத்தின் முகத்தில் மோதிச் சுவரோடு கீழே இறங்கி நடைபாதையில் அடிக்கும். நடுவில் அகலமான போடியம் இருந்தால் அது கொஞ்சம் தடுக்கும். லண்டனில் ‘வாக்கி டாக்கி’ என்று பட்டப்பெயர் பெற்ற ஃபென்சர்ச் தெருக் கட்டடம் பற்றி இப்படிப் புகார்கள் எழுந்தன. 2019இல் லண்டன் சிட்டி நிர்வாகம் புதிய கட்டடங்களுக்குக் காற்று வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அதே கட்டடத்தின் வளைந்த கண்ணாடி 2013இல் வெயிலைக் குவித்து, தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கிவிட்டது. கட்டடத்தின் மாதிரி மீது காற்றை வீசிப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனை அறிக்கை இருக்கிறதா, கண்ணாடிப் பிரதிபலிப்பை ஆராய்ந்தார்களா என்று இரண்டு வரியில் கேட்டு வையுங்கள்.

போக்குவரத்து நெரிசல் தாங்குமா?

எத்தனை வீடு என்பதைவிட எத்தனை கார் நிறுத்தம் என்பதே நெரிசலை அதிகம் தீர்மானிக்கும். வீட்டுக்கு இரண்டு இடம் கொடுத்தால் இரண்டு கார் வரும். இதைப் புரிந்துகொண்ட லண்டன் 2004இல், இத்தனை கார் நிறுத்தமாவது கட்டியே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்ச நிறுத்த விதியை எடுத்துவிட்டு அதிகபட்ச வரம்பு வைத்தது. அமெரிக்காவின் பஃபலோ 2017இல் குறைந்தபட்ச விதியையே ரத்து செய்தது. ‘நெரிசல் வரும், ஆகவே இன்னும் பார்க்கிங் கட்டு’ என்று ஒரே மூச்சில் கேட்பவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு. அவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

உண்மையான தலைவலி சரக்கு வண்டி. சில நூறு வீடுகளுக்கு வரும் பார்சல், வீடு மாற்றும் லாரி, குப்பை வண்டி, உணவு கொண்டுவரும் இரு சக்கர வண்டிகள் எல்லாம் எங்கே நிற்கும்? வரைபடத்தில் இதற்கு இடம் இல்லையென்றால் சாலைதான் இடம்.

வாடகை ஏறுமா, இறங்குமா?

இரண்டு தரப்பும் இதில் அடித்துப் பேசும். ‘பணக்காரர் வீடு வந்தால் சுற்றுவட்டாரமே விலையேறும்’ என்பது ஒரு தரப்பு. ‘வீடு கூடினால் விலை குறையும், பொருளாதாரப் பாடம்’ என்பது மறு தரப்பு.

ஆய்வுகள் இரண்டாம் தரப்பின் பக்கம் ஓரளவு சாய்கின்றன. அமெரிக்காவின் 11 பெரிய நகரங்களில், வருமானம் குறைந்த மையப் பகுதிகளில் எழுந்த புதிய பெரிய குடியிருப்புகளை ஆராய்ந்த ஒரு ஆய்வில், அவற்றுக்கு மிக அருகில் இருந்த வீடுகளின் வாடகை, சற்றுத் தள்ளியிருந்த வீடுகளோடு ஒப்பிட 5 முதல் 7 சதவீதம் குறைவாக இருந்தது. வசதியானவர் புது வீட்டுக்குப் போகும்போது அவர் விட்ட வீடு இன்னொருவருக்கு, அவர் விட்டது மற்றொருவருக்கு என்று சங்கிலி நகர்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் அடர்த்தியாகக் கட்ட அனுமதித்த பிறகு கட்டுமானம் வெகுவாகப் பெருகியது.

ஆனால் ஆக்லாந்து செய்தது நகரம் முழுவதும். ஒரே ஒரு கோபுரத்தால் நகரத்தின் வாடகை இறங்கும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அப்புறம், இந்தச் சங்கிலி நகர நேரம் எடுக்கும். இடிக்கப்படும் கட்டடத்தில் இன்று குடியிருப்பவருக்கு அது ஒரு பதிலே இல்லை. அவருக்கு இந்த மாதமே வீடு வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன மாற்று ஏற்பாடு, திரும்பி வர உரிமை உண்டா என்பதை முதல் கேள்வியாக வைப்பேன்.

வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்களே?

சிலர் செய்வார்கள். மேல்மாடிச் சொகுசு வீடுகளில் இது அதிகம். வான்கூவர் 2017 முதல் காலி வீட்டு வரி வசூலிக்கிறது. வீட்டின் மதிப்பில் 1 சதவீதத்தில் தொடங்கிப் பிறகு உயர்த்தினார்கள். இது நகரம் முழுவதற்குமான சட்டத்தால் தீர்க்க வேண்டியது. ஒரு கட்டடத்தின் அனுமதிக் கூட்டத்தில் தீராது.

‘மலிவு விலை வீடுகளும் உண்டு’ என்கிறார்கள். நம்பலாமா?

இப்படி ஒரு பங்கை ஒதுக்கக் கட்டாயப்படுத்தும் முறை புதிதல்ல. அமெரிக்காவின் மேரிலாந்தில் மான்ட்கோமரி கவுண்டி 1974இலேயே கொண்டுவந்தது. நான்கு விவரங்களை எழுத்தில் கேளுங்கள். எத்தனை வீடு? யாருடைய வருமானத்தை வைத்து ‘மலிவு’ என்கிறீர்கள்? எத்தனை ஆண்டுக்கு? இதே கட்டடத்திலா, அல்லது பணம் கட்டிவிட்டு வேறெங்கோ கட்டப்படுமா? கடைசிக் கேள்விக்குத்தான் பல நேரம் முகம் மாறும்.

இதே கட்டடத்தில் என்றாலும் வாசல் எங்கே என்று பாருங்கள். நியூயார்க்கில் மலிவு வீட்டுக்காரர்களுக்குத் தனி வாசல் வைத்த ஒரு கோபுரம் ‘ஏழைகள் கதவு’ என்று பேர் வாங்கி, 2015இல் அந்த வழக்கத்தையே சட்டம் போட்டு நிறுத்த வேண்டியதாயிற்று.

கீழ்த்தளத்தில் கடைகள் வரும் என்கிறார்களே, அது நல்லதுதானே?

வந்தால் நல்லது. தெருவில் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம், இரவில் ஒரு கூட்டம் நடமாடினால்தான் அந்தத் தெரு பாதுகாப்பாகவும் உயிரோடும் இருக்கும் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1960களில் வாதாடினார். கலப்புப் பயன்பாட்டுக்கு ஆதரவான அடிப்படை வாதம் இன்றும் அதுதான்.

ஆனால் படத்தில் வரைந்த கடைக்கும் திறக்கும் கடைக்கும் நடுவே நிறைய நடக்கும். வரைபடத்தில் ‘வணிகம்’ என்று நிறம் தீட்டியிருப்பார்கள். உற்றுப் பார்த்தால் முகப்பில் பாதி வாகன நிறுத்தத்தின் நுழைவாயில், மின்மாற்றி அறை, குப்பை அறை, குடியிருப்போர் லாபி. மிச்சத்தில் இரண்டு பெரிய கடைகள். அவ்வளவு பெரிய இடத்தைப் பெரிய சங்கிலி நிறுவனங்களால்தான் எடுக்க முடியும். அவர்கள் வராவிட்டால் வருடக்கணக்கில் கண்ணாடியில் தாள் ஒட்டிக் கிடக்கும். வீடுகள் விற்ற பணத்திலேயே லாபம் வந்துவிட்டால், கடைகளைக் குறைந்த வாடகைக்கு விட நிறுவனத்துக்கு அவசரம் இருக்காது. உணவகத்துக்கு இடம் என்பார்கள். அடுப்புப் புகை மேலே போகக் குழாய் வழி விட்டிருக்க மாட்டார்கள். பிறகு 40 மாடியைத் துளைத்தா வைக்க முடியும்?

டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேல் நடப்பவர்களை வருடக்கணக்கில் கவனித்துச் சொன்ன அளவுகோல் ஒன்று உண்டு: உயிருள்ள தெரு என்றால் 100 மீட்டருக்கு 15 முதல் 20 வாசல்கள். உங்கள் ஊர்த் திட்டத்தின் தரைத்தள வரைபடத்தை வாங்கி, வாசல்களை எண்ணிப் பாருங்கள். நான்கு என்று வந்தால், ‘துடிப்பான தெரு வாழ்க்கை’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை அவர்களுக்கே வாசித்துக் காட்டலாம்.

பொதுமக்களுக்கு ஒரு சதுக்கமும் தருகிறார்களாம்.

நியூயார்க் 1961 விதிகளில், தரைத்தளத்தில் திறந்தவெளி விட்டால் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம் என்றது. நிறையச் சதுக்கங்கள் வந்தன. 2000இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு அப்படி உருவான 503 இடங்களைப் பார்த்ததில், 41 சதவீதம் பெயரளவுக்கே பயன்படுபவை என்று தெரிந்தது. உட்கார இடமில்லை, கேட் பூட்டு, வெறும் கருங்கல் தரை. பொதுவெளி என்றால் திறக்கும் நேரம், இருக்கைகளின் எண்ணிக்கை, மரம், கழிப்பறை, யார் பராமரிப்பது, எல்லாம் நிபந்தனையில் வர வேண்டும்.

இவ்வளவு உயரக் கட்டடம் பாதுகாப்பானதா?

நவீன விதிப்படி ஒழுங்காகக் கட்டினால் உயரம் மட்டுமே ஆபத்தல்ல. ஆபத்து அஸ்திவாரத்தில் செய்த கணக்கிலும், வெளிச்சுவரில் ஒட்டிய பொருளிலும், பின்னாளைய பராமரிப்பிலும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் மில்லெனியம் டவர் 58 மாடி, 2009இல் முடிந்தது. அதன் அடித்தூண்கள் பாறை வரை போகவில்லை. 2016இல் அது சுமார் 40 சென்டிமீட்டர் அமிழ்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருப்பது ஊருக்குத் தெரிந்தது. பாறை வரை புதுத் தூண்கள் இறக்கித்தான் சரிசெய்தார்கள். லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் டவரில் 2017இல் பிடித்த தீ, பிற்பாடு ஒட்டப்பட்ட வெளிப்பலகை வழியாக மேலே பரவி 72 பேரைக் கொன்றது.

காண்டோ என்ற ஏற்பாட்டுக்கே உரிய பாடம் புளோரிடாவின் சர்ஃப்சைடில் நடந்தது. 1981இல் கட்டிய 12 மாடி சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் 2021 ஜூன் 24 அதிகாலை இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத் தளத்துக்குக் கீழே கான்கிரீட் மோசமாகச் சேதமடைந்திருப்பதை 2018இலேயே ஒரு பொறியாளர் அறிக்கை சொன்னது. பழுதுபார்க்க வேண்டிய பெருந்தொகையை யார், எவ்வளவு கொடுப்பது என்று உரிமையாளர்களுக்குள் இழுபறி. 2022இல் புளோரிடா, பழைய காண்டோ கட்டடங்களுக்குக் கட்டாய ஆய்வையும் பழுது நிதியையும் சட்டமாக்கியது. மேலே சொன்ன ‘பொதுச் சொத்து’ விஷயம் இதுதான். அனுமதி தரும் நாளிலேயே பராமரிப்பு நிதிக்கு வழி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஊரின் குரலா?

முழுக்க இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 97 ஊர்களின் கூட்டக் குறிப்புகளைப் படித்தார்கள். பேசியவர்களில் வயதானவர்களும் ஆண்களும் சொந்த வீட்டுக்காரர்களும் ஊரில் உள்ள விகிதத்தைவிட அதிகம். 60 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு, சுமார் 15 சதவீதம் மட்டுமே ஆதரவு. வாடகைக்கு இருப்பவரும், இரவு வேலைக்குப் போகிறவரும், நாளை அந்தக் கட்டடத்தில் குடியேறப் போகிறவரும் அந்த அறையில் இருப்பதில்லை. அதற்காக வந்தவர்கள் சொல்வது தவறு என்று ஆகாது. தெருமுனைச் சாக்கடை எப்போது நிரம்பும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஊர் முழுக்க வாக்கெடுப்பு நடத்தினால் என்ன?

நடந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் கடற்கரையோரம் ‘8 வாஷிங்டன்’ என்ற காண்டோ திட்டத்துக்கு 2012இல் நகர மன்றம் அனுமதி தந்தது. 2013 நவம்பரில் வாக்காளர்கள் அதை நிராகரித்தார்கள். இத்தனைக்கும் அதன் உயரம் 136 அடி, சுமார் 12 மாடிதான். வாக்கெடுப்பில் ஆம், இல்லை என்ற இரண்டே பதில். ‘சரி, ஆனால் வாசல்களைக் கூட்டு’ என்று எழுத அதில் இடம் கிடையாது.

எதிர்ப்பவர் எல்லாம் சுயநலக்காரர், கட்டுபவர் எல்லாம் பேராசைக்காரரா?

இல்லை. அடுத்த கேள்வி.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி செய்ய ஏதாவது இருக்கிறதா?

நிறைய. முதலில் அனுமதி ஆணையின் நகலை, இணைப்புகளோடு வாங்குங்கள். மேடையில் சொன்னது எது, நிபந்தனையாக எழுதியது எது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதாததைக் கேட்டுப் பெற உங்களிடம் எந்தப் பிடியும் இல்லை. பள்ளம் தோண்டுவதற்கு முன்பே பக்கத்துக் கட்டடக்காரர்கள் தங்கள் சுவர்களைத் தேதியோடு படமெடுத்து வைக்க வேண்டும்; விரிசல் விட்ட பிறகு ‘அது முன்பே இருந்தது’ என்ற பதில்தான் வரும். வேலை நேரம், இரவுக் கான்கிரீட், லாரி வரும் வழி பற்றிய புகாருக்கு ஒரு பொறுப்பாளரின் பெயரும் எண்ணும் தளத்தின் வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்.

நடுவில் ‘சிறு திருத்தம்’ என்று விண்ணப்பங்கள் போகும். பெரிய கூட்டத்துக்கு வந்தவர்கள் யாரும் அப்போது இருக்க மாட்டார்கள். சதுக்கம் சுருங்குவதும், மலிவு வீடுகள் பணமாக மாறுவதும், கடை வாசல்கள் குறைவதும் இந்தத் திருத்தங்களில்தான். மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க ஊரில் இரண்டு பேர் முன்வந்தால் போதும்.